அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கு எண்ணெய் இடுதல்: எது, எங்கே, எத்தனை சொட்டு

எண்ணெய் வாங்குவதற்கு முன் துப்பாக்கியைப் பிரித்துப் பார்ப்பதுதான் சரியான வரிசை. நடப்பது பெரும்பாலும் தலைகீழ். எந்தப் புட்டி நல்லது என்று நாள்கணக்கில் விசாரிக்கிறார்கள், வாங்கி வந்ததும் கண்ட இடத்திலெல்லாம் ஊற்றுகிறார்கள். கொஞ்ச காலம் சுட்ட துப்பாக்கி, தனக்கு எங்கே எண்ணெய் வேண்டும் என்பதைத் தானே காட்டிவிடும். மேல்பூச்சு தேய்ந்து பளபளக்கிற இடமெல்லாம் உலோகத்தோடு உலோகம் உரசுகிற இடம், அங்கே எண்ணெய். பூச்சு மங்காமல் புதிதாகவே இருக்கும் இடத்தில் துருவைத் தடுக்க மெல்லிய படலம் போதும். வெடிவாயு பாய்ந்து கரி படிகிற வழிகளில் எண்ணெயே வேண்டாம். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தால், புட்டியில் ஒட்டியிருக்கும் பெயர் இரண்டாம்பட்சம்தான்.

இந்தப் பதிவில் மேசையில் இருப்பது ஏஆர்-15 வகை, 5.56 மில்லிமீட்டர். குழலிலிருந்து வரும் வாயுவை ஒரு மெல்லிய குழாய் வழியாக நேரே போல்ட் கேரியருக்குள் (குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் பாகம்) செலுத்தும் அமைப்பு. பிஸ்டன் வைத்த துப்பாக்கிகளுக்கும் .22 அங்குலச் சிறு தோட்டா சுடும் ரகத்துக்கும் எங்கே வேறுபடும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

பிரித்தல்

முதலில் மேகசின் (தோட்டாப் பெட்டி) வெளியே வரவேண்டும், அதன்பிறகே போல்ட்டை இழுக்க வேண்டும். மேகசின் இருக்கும்போது போல்ட்டை இழுத்து விட்டால் அடுத்த தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், ஏறிவிடும். போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை வேலை செய்யும் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். பாதுகாப்பு ஒரு காரணம். ஊடுருவும் எண்ணெய், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் விளிம்பு வழியாகக் கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம் என்பது இன்னொன்று.

பின்பக்க டேக்டவுன் பின்னைத் தள்ளி மேல் ரிசீவரை (உடற்கூட்டின் மேல்பாதி) திறந்து, சார்ஜிங் ஹேண்டிலை (போல்ட்டைக் கையால் பின்னிழுக்கும் பிடி) இழுத்தால் போல்ட் கேரியர் கையோடு வரும். அதன் இடது பக்கத்திலிருக்கும் சிறு தடுப்புப் பின்னை உருவினால், பிரைமரைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் தானாக நழுவி விழும். போல்ட்டை உள்ளே அழுத்தி, போல்ட்டைத் திருப்பும் கேம் பின்னை 90 டிகிரி திருப்பித் தூக்க, போல்ட் கழன்றுவிடும். வெற்றுக்கூட்டைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியதில்லை. அதன் அடியில் பித்தளைத் துருவல் தெரிந்தால் கழற்றினால் போதும்.

பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுப்பது முக்கியம். புது எண்ணெயைப் பழைய கரிக் குழம்பின் மேல் ஊற்றினால் கிடைப்பது மெருகுப்பசை மாதிரியான ஒன்று. கரைப்பான் போட்டுக் கழுவினால், அது ஆவியாகும்வரை காத்திருங்கள் அல்லது உலர்ந்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். மிச்சமிருக்கும் கரைப்பான், அடுத்து இடும் எண்ணெயை நீர்க்கச் செய்து வழித்துக்கொண்டு போய்விடும். வாகனங்களுக்கான பிரேக் கிளீனர் ஸ்பிரே எண்ணெயை அடியோடு எடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் உலோகம் அப்போது நிர்வாணமாக நிற்கும், ஈரக்காற்றில் துரு பிடிக்க அதிக நேரமாகாது. சில பிளாஸ்டிக் பாகங்களையும் எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கோடு இருக்கும் ரப்பர் துண்டையும் அது பாழாக்கும்.

தேய்மானத்தைப் படித்தல்

கழற்றிய கேரியரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துச் சுற்றுங்கள். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் இரண்டு தடங்களும், மேலே, வாயுக் குழாயிலிருந்து வாயுவை வாங்கிக்கொள்ளும் வாயுச் சாவியின் இருபுறமுள்ள விளிம்புகளும் பளபளக்கும். கேரியரின் உடம்பு முழுவதும் ரிசீவரைத் தொடுவதில்லை. இந்த விளிம்புகளில்தான் அது வழுக்கிப் போகிறது. சாவியின் பக்கங்கள் சார்ஜிங் ஹேண்டிலின் அடிப்பள்ளத்தில் உரசிய தடமும் தெரியும். மேல் ரிசீவருக்குள், இடது சுவரில், கேம் பின்னின் தலை உரசிய கீறல் ஒன்று இருக்கும். அது எல்லா ஏஆர்-களிலும் உண்டு, பயப்பட வேண்டாம். விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

கேம் பின்னை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அதன் வட்டமான தண்டில், ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போல மின்னும் ஒரு பட்டை இருக்கும். சுட்டவுடன் வாயு கேரியரைப் பின்னால் தள்ளும்போது, கேரியரின் வளைந்த துளை இந்தத் தண்டைத் தள்ளி போல்ட்டை 22.5 டிகிரி திருப்புகிறது. அந்த நேரத்தில் குழலில் அழுத்தம் இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. போல்ட்டின் ஏழு பற்களும் குழலின் பின்முனையில் பொருத்திய குழல் நீட்சியின் பற்களை இறுக்கிக்கொண்டே திரும்புகின்றன. துப்பாக்கியிலேயே அதிக அழுத்தத்தோடு உலோகம் உரசும் இடங்கள் இந்தத் தண்டும் அந்தப் பற்களின் பின்முகங்களும்தான். எங்கேயாவது தாராளமாக இருக்க வேண்டுமென்றால் இங்கே இருங்கள்.

பாஸ்பேட் பூச்சுக்கு நுண்துளைகள் உண்டு. எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதனால் புதிதாக வாங்கியது முதலில் வறண்ட மாதிரித் தெரியும், இரண்டு முறை போட வேண்டியிருக்கும். நைட்ரைடு, நிக்கல் போரான், குரோம் போன்ற வழவழப்பான மேற்பரப்புகளில் கரி துடைக்க எளிது. எண்ணெய் தங்குவதும் குறைவு. ‘எண்ணெயே வேண்டாத பூச்சு’ என்ற விளம்பரத்தை நம்பி வறட்டுத்தனமாக ஓட்டுவதில் பயனில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரு மசகுப்பொருளிடம் நாம் கேட்பது நான்கு. அழுத்தத்தில் படலம் கிழியக்கூடாது. சூட்டில் ஆவியாகி வறண்டுவிடக்கூடாது. குளிரில் உறைந்து கெட்டியாகக்கூடாது. ஈரத்தில் துரு ஏறவிடக்கூடாது. நான்கிலும் முதல் மதிப்பெண் வாங்கும் ஒரே பொருள் கிடையாது. படலம் உறுதியாக நிற்க வேண்டுமென்றால் பாகுத்தன்மை கூட வேண்டும். கூட்டினால் குளிரில் இறுகும். எனவே எந்தச் சூழலில் சுடப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

சுத்தம் செய்தல், மசகிடுதல், துருத்தடுப்பு மூன்றையும் ஒரே திரவத்தில் தரும் சிஎல்பி வகை அமெரிக்க இராணுவத் தரம் மில்-பிஆர்எஃப்-63460இன்படி வருவது. மெல்லியது, நன்றாகப் பரவும், இடுக்குகளுக்குள் ஊடுருவும். சாதாரண வெப்பநிலையில் ஒரு நாள் சுடுவதற்கு இது போதுமானது. குறை என்னவென்றால், மூன்று வேலையும் சேர்த்துச் செய்வதால் மசகு வேலையில் முதலிடம் கிடையாது. வேகமாகத் தொடர்ந்து சுட்டால் சீக்கிரம் வறளும். திடத்துகள்கள் கலந்த புட்டியாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் ஊற்றினால் துகள் அடியிலேயே தங்கி, வெறும் கடத்தித் திரவம்தான் வெளியே வரும்.

கொஞ்சம் கெட்டியான எண்ணெய், அதாவது செயற்கை அடிப்படை எண்ணெயில் செய்த துப்பாக்கி எண்ணெய்கள், தடங்களிலும் கேம் பின்னிலும் நீண்ட நேரம் நிற்கும். வாகன இன்ஜின் ஆயில் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். 5டபிள்யூ-30 ரகம் 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரையிலான பாகுத்தன்மையோடு இருக்கும். சூடான போல்ட்டில் படலம் தாங்க அது ஏற்றதே. வேலை செய்யும், சந்தேகமில்லை. இடுக்குகளுக்குள் தானாகப் பரவும் குணம் குறைவு. மாதக்கணக்கில் பெட்டியில் வைக்கும் துப்பாக்கிக்கு அதைத் துருத்தடுப்பாக நம்பாதீர்கள். ஓட்டித் தீர்த்த பழைய இன்ஜின் ஆயில் மட்டும் கூடவே கூடாது. அதில் அமிலமும் உலோகத் துகளும் கலந்திருக்கும்.

தையல் இயந்திர எண்ணெய் நீர்த்தது. கைக்கு இதமாக ஓடும், நான்கு மேகசின் போவதற்குள் காணாமல் போகும். சமையல் எண்ணெய்கள் காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக இறுகுபவை. அவற்றைப் போட்ட துப்பாக்கியைச் சில மாதம் கழித்துத் திறந்தால் ஃபயரிங் பின்னே அசையாது. டபிள்யூடி-40 நீரை விரட்டுவதற்கான பொருள். மழையில் நனைந்த துப்பாக்கியில் அடித்து நீரை வெளியேற்றலாம், ஆனால் அதைத் துடைத்துவிட்டு உண்மையான எண்ணெயை இட்டாக வேண்டும். அதன் பெரும்பகுதி ஆவியாகிற கரைப்பான். மிஞ்சும் படலம் போல்ட் பற்களின் அழுத்தத்துக்கு ஆகாது.

கிரீஸ் வாங்கும்போது அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்ணைப் பாருங்கள். என்எல்ஜிஐ தரவரிசையில் 2 என்பது வாகனங்களில் போடும் சாதாரணக் கெட்டி. 1, 0, 00 எனக் குறையக் குறைய இளகும். ஏஆர் தடங்களுக்கு 0 அல்லது 00 பொருத்தம். 2 போட்டால் மிதமான வெப்பநிலையில் ஓடும், குளிரில் போல்ட் மூடுவதற்கு முக்கும். பழைய கிரீஸின் மேல் வேறு வகைக் கிரீஸைப் பூசவும் வேண்டாம். கெட்டியாக்கப் பயன்படுத்திய பொருள் ஒத்துப்போகாவிட்டால், உதாரணமாக லித்தியம் கிரீஸும் களிமண் அடிப்படையிலான கிரீஸும் கலந்தால், கலவை இளகி எண்ணெய் தனியே வடிந்துவிடும்.

சேர்மானங்களில் மூன்று பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். மாலிப்டினம் டைசல்பைடு அழுத்தத்தில் உதவும், எண்ணெய் வறண்ட பிறகும் உலோகத்தில் ஒட்டி நிற்கும். காற்றில் சுமார் 350 டிகிரிக்கு மேல் ஆக்சிஜனேற்றமடைந்து பயனற்றுப் போகும். கையிலும் துணியிலும் பட்டால் போகாத கறுப்பு என்பது உபரித் தகவல். பிடிஎஃப்இ (டெஃப்லான்) 260 டிகிரி வரைதான் தாங்கும். ரிசீவர் தடங்களுக்கு அது போதும், வாயு வழிக்குப் போதாது. கிராஃபைட்டை அலுமினிய ரிசீவருள்ள துப்பாக்கியில் போடாதீர்கள். ஈரம் சேர்ந்தால் கிராஃபைட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம்தான் கரையும்.

நம் தீர்ப்பு இது: பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு நல்ல செயற்கை எண்ணெய், கேம் பின்னுக்கும் ட்ரிகர் பற்களுக்கும் சிறிது மென்கிரீஸ், சேமிப்புக்குத் துருத்தடுப்பு எண்ணெய். இந்த மூன்றுக்கு மேல் அலமாரியில் புட்டி சேர்ப்பது பொழுதுபோக்கு.

வாங்கியதைப் போட்டுப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. சுத்தமான எஃகுத் தகட்டில் இரண்டு மூன்று எண்ணெய்களைப் பக்கம்பக்கமாக ஒவ்வொரு சொட்டு இட்டு, தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி ஒருநாள் விடுங்கள். எது முழுக்க வழிந்து போனது, எது படலமாக நின்றது என்பது தெரியும். அதே தகட்டை வீட்டு ஃப்ரீசரில், அதாவது −18 டிகிரி அளவில், ஒரு இரவு வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். எண்ணெய் மெழுகாகியிருந்தால் குளிர்காலத்துக்கு அது உதவாது. எண்ணெய் தடவிய இரும்பு ஆணிகளை உப்புநீர் தெளித்து வெளியே வைத்தால் துருத்தடுப்பும் விளங்கிவிடும்.

இடுதல்

ஊசிமுனைப் புட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் புட்டியின் சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர், ஊசிமுனையில் அதில் பாதி வரும். கீழே சொல்லும் சொட்டெல்லாம் ஊசிமுனைச் சொட்டு.

போல்ட்டிலிருந்து தொடங்குவோம். வால்பகுதியில் மூன்று வாயு வளையங்கள் இருக்கும். அவற்றின்மேல் ஒரு சொட்டு, விரலால் சுற்றித் தடவுங்கள். எண்ணெய் போடுவதற்கு முன், வளையம் வறண்டிருக்கும்போதே ஒரு சோதனை செய்துவிடலாம். போல்ட்டைக் கேரியரில் பூட்டி முழுவதும் வெளியே இழுத்து, போல்ட் முகம் மேசையைத் தொடும்படி கேரியரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கேரியர் தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தால் வளையங்கள் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும். போல்ட் உடம்பின் நடுவளைவுக்கு ஒரு சொட்டு. பற்களின் பின்முகங்களுக்கு ஒரு சொட்டை விரல்நுனியில் எடுத்து ஏழுக்கும் பகிர்ந்து தடவினால் போதும். போல்ட் முகத்தில் எண்ணெய் நிற்கக்கூடாது. அங்கே துடைத்த கையின் ஈரம் போதும். கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, வெற்றுக்கூட்டின் விளிம்பால் பலமுறை அழுத்தி எடுங்கள். உள்ளே சிக்கிய பித்தளைத் தூள் எண்ணெயோடு மிதந்து வெளியே வரும். அதைத் துடைத்துவிடுங்கள்.

கேம் பின் தண்டில் கடுகளவு கிரீஸ், அல்லது ஒரு முழுச் சொட்டு எண்ணெய். செருகி, போல்ட்டை உள்ளும் வெளியும் பலமுறை ஆட்டினால் பிதுங்கி வெளியே வரும் மிச்சத்தைத் துடைக்கலாம். ஃபயரிங் பின் வறண்டே போக வேண்டும். அதன் குழியும் வறண்டிருக்க வேண்டும்; ஏன் என்பதைக் கோளாறுகளில் சொல்கிறோம். தடுப்புப் பின்னைச் செருகியதும் கேரியரின் பின்முனையை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். ஃபயரிங் பின் பின்னால் வந்து விழாவிட்டால் தடுப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறது.

கேரியரின் நான்கு தடங்களிலும் ஒவ்வொரு சொட்டு, நீளவாக்கில் இழுத்துவிடுங்கள். விரலால் தொட்டால் விரல் ஈரமாக வேண்டும், சாய்த்தால் வழியக்கூடாது. அந்த நிலைதான் அளவுகோல். சொட்டுக் கணக்கு அதை நோக்கிய வழிகாட்டி மட்டுமே. வாயுச் சாவியின் இருபுறம் ஒரு தீற்றல். சாவியின் துளைக்குள்ளும் வாயுக் குழாய்க்குள்ளும் எதையும் ஊற்ற வேண்டாம். சார்ஜிங் ஹேண்டிலின் இரு காதுகளிலும் அடிப்பள்ளத்திலும் மெல்லிய பூச்சு.

ட்ரிகரில் இரண்டு அச்சுப் பின்களுக்கும் பக்கத்துக்கு ஒரு சொட்டு, ஃபயரிங் பின்னை அடிக்கும் ஹாமரும் ட்ரிகரும் கொக்கி மாட்டும் பல்லில் குச்சிமுனையால் கொஞ்சம் கிரீஸ். முழுக்க மூடிய கேசட் வகை ட்ரிகராக இருந்தால் உற்பத்தியாளர் சொன்னதைத் தவிர எதுவும் வேண்டாம். கேரியரை மறுபடி முன்னே தள்ளும் பஃபர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் கீச்சென்ற சத்தம் குறையும். ஸ்பிரிங்கைக் கிரீஸில் முக்கி எடுப்பவர்கள் உண்டு. பஃபர் குழாயின் கடைசியில் நீர் வெளியேற ஒரு துளை இருக்கிறது, கிரீஸ் போய் அதை அடைத்துவிடும்.

எல்லாவற்றையும் பூட்டியதும், காலித் துப்பாக்கியில் சார்ஜிங் ஹேண்டிலை ஒரு டஜன் முறை முழுதாக இழுத்து விடுங்கள். பிறகு மறுபடி திறந்து பாருங்கள். எண்ணெய் எங்கே தங்கியது, எங்கே வழிந்தது என்பது இப்போது தெரியும். சுடும் நாளில் பிரிக்க நேரமில்லாவிட்டால் ஒரு குறுக்குவழி உண்டு: போல்ட் மூடியிருக்கும்போது, வெற்றுக்கூடு வெளியேறும் வலப்பக்கச் சன்னல் வழியாகக் கேரியரில் இரண்டு வாயுத் துளைகள் தெரியும். மேகசினை எடுத்து, சேம்பர் காலி என்று பார்த்து, குழல் பாதுகாப்பான திசையில் இருக்கும்படி வைத்துக்கொண்டு, அந்தத் துளைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விட்டால் வாயு வளையங்களுக்கும் போல்ட் உடம்புக்கும் நேரே போய்ச் சேரும். சன்னலில் தெரியும் தடத்தில் இன்னொரு சொட்டு. அன்றைய பொழுது ஓடிவிடும்.

சேம்பரும் குழலும்

சேம்பர் வறண்டிருக்க வேண்டும். சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிமானம் பின்னோக்கிய தள்ளுவிசையின் ஒரு பகுதியைத் தாங்குகிறது. எண்ணெய் இருந்தால் பிடி வழுக்கும், போல்ட் பற்கள் கூடுதல் சுமை வாங்கும். தோட்டாவுக்கு எண்ணெய் தடவினால் சுலபமாக ஏறும் என்ற யோசனையும் இதே காரணத்தால் தப்பு.

குழலில் சேமிப்புக்காக மெல்லிய படலம் விடலாம், ஆனால் சுடும் முன் உலர்ந்த துணித்துண்டை இழுத்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய்க் குழலில் முதல் குண்டு வழக்கமான இடத்தில் படாது. கிரீஸ் திரண்டு நின்றால் அது தடையாகிக் குழலையே வீங்கச் செய்யும். பழைய இராணுவத் தோட்டாக்களில் பிரைமர் எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு உப்பு குழலில் படியும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. எவ்வளவு எண்ணெய் பூசினாலும் அதன் அடியில் துரு வளரும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகே எண்ணெய்.

மேகசினுக்குள்ளும் எண்ணெய் வேண்டாம். மணலும் கரியும் ஒட்டும், தோட்டாவில் எண்ணெய் ஏறும். துருப்பிடிக்கும் எஃகு மேகசினாக இருந்தால் எண்ணெய்த் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்துவிடலாம்.

கோளாறுகளும் காரணங்களும்

வறட்சியின் முதல் அறிகுறி, கடைசித் தோட்டா போனபின் போல்ட் பின்னால் நிற்காமல் மூடிக்கொள்வது. அடுத்த அறிகுறி, வெற்றுக்கூடு பாதி வழியில் சிக்குவது. கேரியர் முழுத் தூரம் பின்வாங்கவில்லை என்று இதற்குப் பொருள். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டுப் பாருங்கள். போல்ட் பின்னால் நின்றால் காரணம் உராய்வு. எண்ணெய்க்குப் பிறகும் நிற்காவிட்டால் வாயு எங்கோ கசிகிறது: சாவியின் இரண்டு திருகுகளும் அசையாமல் நெரித்துப் பூட்டப்பட்டிருக்கின்றனவா, வளையங்கள் தேய்ந்தனவா என்று பாருங்கள். மேகசினுக்குள் தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டும், போல்ட்டைப் பின்னால் நிறுத்தும் போல்ட் கேட்சும் சில நேரம் இதே அறிகுறியைத் தரும். எண்ணெயால் ஆகாத கோளாறை எண்ணெயால் மூடி மறைப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு.

அதிக எண்ணெயால் துப்பாக்கி நிற்பது, பலர் நினைப்பதைவிட அரிது. முதல் சில குண்டுகளில் மிச்சம் முகத்தில் தெறிக்கும், கண்ணாடி அழுக்காகும், அவ்வளவுதான். இதில் பெரிய விதிவிலக்கு ஃபயரிங் பின் குழி. அங்கே எண்ணெய் தேங்கிக் குளிரில் இறுகினால் பின் மெதுவாகப் போய் பிரைமரைத் தட்டும், தோட்டா வெடிக்காது. அதைவிட மோசம் எதிர்ப்பக்கம். ஃபயரிங் பின்னைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் இல்லாத துப்பாக்கிகளில், பிசுக்கு பின்னை முன்னாலேயே ஒட்டவைத்துவிட்டால், போல்ட் மூடும் வேகத்திலேயே தோட்டா வெடிக்கும். பல ஆண்டு கிடங்கில் காஸ்மோலின் என்ற மெழுகு போன்ற துருத்தடுப்பைப் பூசி வைத்த சோவியத் வடிவமைப்பு எஸ்கேஎஸ் துப்பாக்கிகளில் இந்த அபாயம் நன்றாகத் தெரிந்தது. அவற்றின் போல்ட்டை முழுதாகப் பிரித்து, குழியிலுள்ள மெழுகை எடுத்து, போல்ட்டை ஆட்டினால் பின் கலகலவென்று சத்தம் போடும்வரை சுத்தம் செய்யாமல் தோட்டாவே ஏற்றக்கூடாது.

போல்ட்டின் வாலில் படியும் கரியைக் கத்தியால் சுரண்டுவது சிலருக்குப் பிடித்த வேலை. அது ஒரு தடிமன் வரை வளர்ந்து, பிறகு கேரியரே சுரண்டிவிடும். எண்ணெய் ஊறினால் மென்மையாகும், துணியால் வருவதை எடுத்தால் போதும். கறுத்த குழம்பைக் கண்டு பதற வேண்டாம். அது எண்ணெய் கரியைத் தூக்கிக்கொண்டு வருவதன் அடையாளம். ஒலியடக்கி மாட்டிய துப்பாக்கியில் வாயு அதிகமாகப் பின்னால் வரும், கரியும் கூடும், எண்ணெயும் சீக்கிரம் தீரும்.

தூசி, குளிர், மழை

தூசி நிலத்தில் எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். எண்ணெய் தூசியை இழுக்கும், உண்மை. ஆனால் வறண்ட உலோகத்துக்கிடையே சிக்கிய மணலைவிட எண்ணெயில் மிதக்கும் மணல் ஏஆர் வகைக்குக் குறைந்த தீங்கு. 2007இல் அமெரிக்க இராணுவம் அபர்டீன் சோதனைத் தளத்தில் நான்கு வகைத் துப்பாக்கிகளைத் தூசிக் கூண்டில் வைத்துச் சோதித்தது. வகைக்குப் பத்து, ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டா, வகைக்கு மொத்தம் 60,000. 120 தோட்டாவுக்கு ஒருமுறை தூசி, 600க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய், 1,200க்கு ஒருமுறை முழுச் சுத்தம். எல்லாவற்றுக்கும் தாராளமாகவே எண்ணெய் இட்டார்கள். ஏஆர்-15 குடும்பத்து இராணுவத் துப்பாக்கியான எம்4இல் 882 தடங்கல்கள், எச்கே416இல் 233, ஸ்கார் 226, எக்ஸ்எம்8 127. எம்4இன் 882இல் 239 மேகசினால் வந்தவை. அவற்றுக்கு எந்த எண்ணெயும் மருந்தில்லை. தூசியில் செய்ய வேண்டியது, உள்ளே ஈரமாக வைத்து, வெளிப்புறத்தையும் சன்னல் மூடியையும் உலர்வாகத் துடைத்து, அடிக்கடி பழையதை எடுத்துவிட்டுப் புதியதை இடுவது. தூசியில் கிரீஸ் மட்டும் வேண்டாம். அது அழுக்கை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கடுங்குளிரில் கிரீஸ் முழுவதையும் எடுத்துவிட்டு மிக மெல்லிய எண்ணெய்க்கு மாறுங்கள். இராணுவத்தில் இதற்கென்றே மில்-பிஆர்எஃப்-14107 தரத்தில் தாழ்வெப்ப எண்ணெய் தனியாக உண்டு. குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்தால் உலோகத்தில் நீர் வியர்க்கும். அதைத் துடைத்துப் புதிதாக எண்ணெய் இடாமல் மறுபடி வெளியே எடுத்துப்போனால் அந்த நீர் ட்ரிகருக்குள்ளேயே பனியாகும்.

மற்ற வகைகள்

அமெரிக்க இராணுவத்தின் பழைய துப்பாக்கிகளான எம்1 கேரண்ட், எம்14 இரண்டும் கிரீஸ் வேண்டும் வகை. போல்ட்டை இயக்கும் நீண்ட தடிமனான ஆபரேட்டிங் ராடு திறந்த வெளியில் ஓடுகிறது. எண்ணெய் அங்கே நிற்காது, மழையில் கழுவிக்கொண்டு போகும். ராடின் கூனுக்குள் போல்ட்டின் வலப்பல் ஓடும் வளைவு, ராடின் நாக்கு ஓடும் ரிசீவர் பள்ளம், போல்ட் பற்கள் இரண்டும், போல்ட்டின் அடியில் ஹாமர் உரசும் இடம், குழலின் அடியில் ராடு தொடும் பளபளப்பான பட்டை — இவை எல்லாவற்றிலும் கிரீஸ். வாயு சிலிண்டரும் பிஸ்டன் முனையும் வறண்டிருக்க வேண்டும். அங்கே போட்ட எண்ணெய் எரிந்து கெட்டிக் கரியாகும்.

ஏகே வகையில் பிஸ்டன் கேரியரோடு சேர்ந்தே இருக்கும். அதைத் துடைத்து உலர விடுங்கள். ரிசீவரின் இரு தடங்கள், போல்ட் திரும்பும் வளைபள்ளம், கேரியரின் அடியில் ஹாமர் உரசும் பகுதி ஆகியவற்றுக்குச் சில சொட்டு எண்ணெய். இடைவெளி அதிகம் வைத்துச் செய்த துப்பாக்கி, கொஞ்சத்தில் திருப்தியடையும்.

.22 ரகம் இவற்றுக்கு நேர்மாறு. ரூகர் 10/22 போன்றவற்றில் போல்ட் பூட்டப்படுவதில்லை. கூட்டின் பின்னுதைப்பே அதைத் தள்ளுகிறது, அந்த உதைப்பும் சிறியது. தோட்டாவின் வெளிப்புற மெழுகும் ஈயத்தூளும் எரியாத மருந்தும் எண்ணெயோடு சேர்ந்து களியாகும். போல்ட்டின் மேற்பக்கத்திலும் வழிகாட்டித் தண்டிலும் ஒரு சொட்டைத் துணியில் எடுத்துத் தடவினால் போதும். கிரீஸ் போட்டால் அந்தச் சின்ன உதைப்பு அதை இழுக்கவே செலவாகிவிடும்.

சேமித்தல்

மாதக்கணக்கில் வைப்பதற்கு முன் தடங்களில் வழக்கமான எண்ணெய், வெளி எஃகில் துருத்தடுப்புப் படலம். கைரேகை பட்ட இடத்தை விடாமல் துடையுங்கள்; வியர்வை உப்பு ஒரே வாரத்தில் ரேகை வடிவிலேயே துரு எழுதும். மரக்கட்டை உள்ள துப்பாக்கியைக் குழல் மேலாக நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெதுவாக இறங்கி, கைப்பிடிக்கு முன்னுள்ள மரத்தில் ஊறி, அதைக் கறுக்கவும் நொய்யவும் செய்யும். எண்ணெய் அதிகம் உள்ளதை முதல் சில நாள் குழல் கீழாக வையுங்கள். ஸ்பாஞ்சு மெத்தையிட்ட பெட்டிக்குள்ளோ தோலுறைக்குள்ளோ நெடுநாள் வைக்க வேண்டாம், இரண்டும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வெளியே எடுக்கும் நாளில் குழலிலும் சேம்பரிலும் உலர்ந்த துணித்துண்டை இழுத்து, தடங்களைத் தொட்டுப் பாருங்கள். விரல் ஈரமாகாவிட்டால் சுடுவதற்கு முன் மறுபடி எண்ணெய் இட வேண்டும்.